தேரியில் வண்டி ஓட்டும் மருமகனுக்கு

பாளையங்கோட்டை,
வைகாசி கடைசி வாரம்.

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி உன் அப்பா, என் அண்ணன், போன் செய்து வெகுநேரம் புலம்பினார். நீ பழைய எக்ஸ்பல்ஸ் பைக் ஒன்று வாங்கியிருக்கிறாயாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூட்டாளிகளோடு செம்மணல் மேடான தேரிக்கு ஏறிவிடுகிறாயாம். இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வருகிறாயாம். "நீ சொன்னா கேப்பான், வண்டியை வித்துரச் சொல்லு" என்றார்.

விற்கச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டு நீ மேடேறும் வீடியோவை உன் தங்கச்சி எனக்கு அனுப்பியிருந்தாள். நன்றாகத்தான் ஓட்டுகிறாய். திசையன்விளைக்காரனுக்குத் தேரியில் விளையாடாதே என்று யார் சொல்ல முடியும்? சொல்ல வந்தது வேறு.

நம் ஊரில் விபத்துச் செய்தி வந்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆள் இருக்கா, இல்லையா? "உசுருக்கு ஒண்ணும் இல்ல" என்று பதில் வந்ததும் கேட்டவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தையல் பிரித்து டிஸ்சார்ஜ் எழுதிய பிறகு வருகிறவர்களைப் பார்ப்பதுதான் பிசியோதெரபிஸ்ட் வேலை. என் காலமெல்லாம் அதிலேயே போனது. ஊர் மறந்துபோன விபத்துகள் என் அறையில் பல வருஷம் உட்கார்ந்திருக்கும். உன் மனக்கணக்கிலும் இரண்டு கட்டம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: விழுந்தால் ஒன்று செத்துப்போவோம், இல்லாவிட்டால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவோம். இரண்டுக்கும் நடுவில் முப்பது நாற்பது வருஷம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் பிடித்த ஆளிடமிருந்தே தொடங்குகிறேன். பெங்களூர்க்காரர் சி.எஸ். சந்தோஷ். 2015இல் டக்கார் பந்தயத்தில் ஓடி 36ஆவது இடத்தில் முடித்தவர். 2021 ஜனவரி 6 அன்று சவூதி பாலைவனத்தில், வாடி அத்தவாசிரிலிருந்து ரியாத் போகும் கட்டத்தில் விழுந்தார். தலையில் அடி, தோள்மூட்டு விலகல். ரியாத் மருத்துவமனையில் மருந்து கொடுத்து ஆழ்மயக்கத்தில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். அதற்கு முந்தைய வருஷம் சந்தோஷின் ஹீரோ அணியிலேயே ஓடிய போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கொன்சால்வஸ் அதே பந்தயத்தில் இறந்துபோனார். இவர்களுக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கே விழுந்தாலும் இடம் காட்டும் கருவி வண்டியில் இருந்தது. பாலைவனத்திலேயே டாக்டர்கள் காத்திருந்தார்கள். 2021 முதல் உடம்பில் காற்றுப்பை ஜாக்கெட் போடாமல் பைக் வீரர் யாரும் டக்காரில் ஓட முடியாது. உன் தேரியில் என்ன இருக்கிறது? இரண்டு கூட்டாளிகள், சில இடத்தில் சிக்னல் கிடைக்காத போன், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.

இனி உடம்புக்கு வருகிறேன். மணலில் விழுந்தால் மெத்தையில் விழுவது மாதிரி என்று உங்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. முன்சக்கரம் பொசுக்கென்று புதைந்து வண்டி நின்றுவிடும். நீ நிற்க மாட்டாய். ஹேண்டில்பாருக்கு மேலே போய்த் தோளை ஊன்றி விழுவாய். தலை ஒரு பக்கம் சாய, தோள் மறுபக்கம் அமுங்க, நடுவில் கழுத்து விரியும். கழுத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கைக்கு இறங்குகின்றன. அவை இழுபடும். வேகம் அதிகமென்றால் பனங்கிழங்கைப் பிடுங்குகிற மாதிரி வேரே தண்டுவடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கும். கை மட்டும் தொங்கும். மறுகையால் அதைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்காருகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். உணர்ச்சியே இல்லாத அந்தக் கையில் ராத்திரி தீப்பிடித்தது மாதிரி எரிகிறது என்பார்கள். அந்த எரிச்சல் சிலருக்கு வருஷக்கணக்கில் போவதில்லை.

இதில் நேரம்தான் எல்லாம். அறுந்த நரம்பைச் சேர்த்தால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து முழங்கையை மடக்கும் தசை வரைக்கும் வர மாதக்கணக்கு ஆகும். விரலுக்கு வந்துசேர இரண்டு வருஷம். நரம்பு வராமல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கிடந்த தசை சூம்பிப்போகும். பிறகு நரம்பு வந்தாலும் அது எழுந்திருக்காது. அதனால்தான் ஆபரேஷன் மூன்று மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் ஆறு மாதத்துக்குள் நடக்க வேண்டும் என்கிறார்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை மாதிரி இடங்களில் இதைச் செய்வதற்கென்றே கைதேர்ந்த டாக்டர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துப் பையன்கள் அங்கே போய்ச்சேரும்போது பெரும்பாலும் வருஷம் ஓடியிருக்கும். "சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினா சரியாப் போயிரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், வீட்டிலும் நம்பியிருப்பார்கள்.

சரியான நேரத்தில் போனவன் கதையையும் சொல்கிறேன். வேர் பிடுங்கிப்போனவனுக்கு விலா எலும்புக்கு நடுவே மூச்சுக்கு உதவும் நரம்பை எடுத்து முழங்கைத் தசையில் இணைப்பார்கள். சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள், மூச்சை நன்றாக இழு என்று சொன்னால் தோலுக்கடியில் தசை லேசாகத் துடிக்கும். இன்னும் சில மாதத்தில் மூச்சை இழுத்தால் கை மடங்கும், விட்டால் இறங்கும். இருமினாலும் கை எகிறும். மூச்சையும் கையையும் பிரித்துப் பார்க்க மூளை கற்றுக்கொள்ளும் வரைக்கும் நாள் தவறாமல் பயிற்சி. இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? ஒரு பையைத் தொங்கவிட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரு முழங்கை. சட்டைப் பொத்தான் போட விரல் வராது. அந்தக் கையால் கிளட்ச் பிடிப்பது கனவுதான்.

அடுத்தது தலை. ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. விழுந்து எழுந்து, நன்றாகப் பேசி, வண்டியும் ஓட்டி வீட்டுக்கு வந்தவன் ராத்திரி வாந்தியெடுத்து மயங்குவது உண்டு. உள்ளே மெதுவாக ரத்தம் கசிந்திருக்கும். அதனால் தலையில் அடிபட்டவனை இரண்டு நாளைக்குத் தனியே விடக்கூடாது. தலைவலி கூடினாலோ, பேச்சுக் குழறினாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ உடனே ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் அது பலமடங்கு கேடு. "அடுத்த வாரமே ஏறிட்டேன் பாருங்க" என்று வீடியோ போடுகிறவனைப் பார்த்துக் கைதட்டாதே.

ஆறிய பிறகும் சிலது போகாது. மாதங்கள் கழித்து வலிப்பு வரலாம். மூக்கின் நரம்பிழைகள் அறுந்து வாசனையே தெரியாமல் போகலாம். நம் ஊரில் பதநீர் காய்ச்சுகிற வாசம் தெருவே தூக்கும்போது, ஒருவனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. கேஸ் கசிந்தாலும் தெரியாது. இதைவிடக் கஷ்டம் குணம் மாறுவது. சாதுவாக இருந்தவன் தொட்டதற்கெல்லாம் கத்துவான். கடையில் கணக்குப் பார்த்தவனுக்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் தலை சுற்றும். போன வாரம் வாங்கிய கடன் நினைவில் இருக்காது. கட்டுப் போட்ட காலைப் பார்த்து ஊர் இரக்கப்படும். இதற்கு இரக்கம் கிடைக்காது, "திமிர்" என்ற பெயர்தான் கிடைக்கும். வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். மூளையில் பட்ட அடி என்று புரிந்து டாக்டரிடம் வருவதற்குள் வேலையும் போயிருக்கும், பார்த்து வைத்த பெண்ணும் போயிருப்பாள்.

முதுகெலும்பைப் பற்றி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். மேட்டின் உச்சிக்கு ஏறும்போது அந்தப் பக்கம் சரிவா பள்ளமா என்று தெரியாது. தேரி மணல் காற்றோடு நகர்கிற மணல். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஒரு பக்கத்தைச் சரித்து இன்னொரு பக்கத்தில் குவிக்கும். போன வாரம் நீ இறங்கிய சரிவு இந்த வாரம் செங்குத்தாக இருக்கும். உச்சி வெயிலில் மணலில் நிழலே விழாது, அப்போது மேடும் பள்ளமும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். வெட்டிப்போட்ட பனையின் அடிக்கட்டை மணலுக்குள் மறைந்திருக்கும். உயரத்திலிருந்து இடுப்பு ஊன்றி விழுந்தால் முள்ளெலும்பு நொறுங்கும், துண்டு தண்டுவடத்தைக் குத்தும். அதோடு கால் போயிற்று. கால் மட்டும் போகவில்லை என்பதுதான் வெளியே தெரியாத விஷயம். சிறுநீர் தானாகப் போகாது. நாலு மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுக்க வேண்டும், தவறினால் சிறுநீரகம் கெடும். உணர்ச்சி இல்லாததால் மத்தியான வெயிலில் காய்ந்த சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் தோல் வெந்துபோவது தெரியாது. ஒரே பக்கமாகப் படுத்தால் எலும்பு வரைக்கும் புண் ஓடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்.

யார் திருப்புவார்கள்? உன் கூட்டாளிகள் முதல் மாதம் தினமும் வருவார்கள். மூன்றாவது மாதம் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். பிறகு கல்யாணம், துபாய், சென்னை என்று போய்விடுவார்கள், அது அவர்கள் தப்பும் இல்லை. அலாரம் வைத்து எழுவது உன் அம்மா, என் மதினிதான். மகனைப் புரட்டிப் புரட்டி இடுப்பு போய், மகனுக்கு முன்னால் தானே என்னிடம் வைத்தியத்துக்கு வந்த அம்மாக்கள் உண்டு. அரசாங்கம் மாதாமாதம் ஒரு பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. டியூப், டயப்பர் செலவுக்கே அது காணாது.

வாழ்க்கை அதோடு முடிந்தது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறதே, அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கல்லூரி மாணவர். கடற்படை அதிகாரித் தேர்வில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயல் இழந்தார். 1981இல் அந்தச் சங்கத்தை ஆரம்பித்தார். இன்றைக்குத் தண்டுவடம் அடிபட்டவர்கள் டியூப் போடவும், சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறவும், தொழில் கற்கவும் அங்கே போகிறார்கள். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கவும் அவர்தான் காரணம். இவர்களைக் கும்பிடுகிறேன். ஆனால் "ராமகிருஷ்ணன் சாதிக்கவில்லையா" என்று கேட்டுக்கொண்டு மேட்டில் ஏறாதே. அவர் அதைத் தேடிப் போகவில்லை.

இப்போது நீ பண்ண வேண்டியது. தேரியில் ஒருவன் விழுந்தால் உங்கள் வழக்கம் என்ன என்று எனக்குத் தெரியும். ஒருவன் ஓட்ட, ஒருவன் பின்னால் பிடிக்க, அடிபட்டவனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு ரோட்டுக்குப் பறப்பீர்கள். பாசத்தில்தான் செய்கிறீர்கள். முறிந்த முதுகு அந்த ஒரு பயணத்தில்தான் தண்டுவடத்தை நசுக்கும். கால் அசைத்துக்கொண்டிருந்தவன் ஆஸ்பத்திரி வாசலில் அசைக்க முடியாமல் இறங்குவான். மூச்சு சீராக இருந்தால் அவனை அசைக்காதீர்கள். நிழல் கொடுங்கள். மூச்சுக்குத் தடை இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். 108க்கு அடித்து ஆம்புலன்ஸ் எதுவரைக்கும் வரமுடியும் என்று சொல்லி, ஒருவனை ரோட்டில் நிறுத்துங்கள். தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் பக்கத்துத் தோட்டத்தில் கதவுப் பலகை கேளுங்கள். நார்க்கட்டில் வேண்டாம், அது நடுவில் தொய்யும். ஒருவன் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடிக்க, நாலு பேர் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும்.

எலும்பு முறிந்தால் கட்டுப்போடுகிறவரிடம் நேரே போவது நம் பக்கத்தில் பழக்கம். அவர்களில் நல்ல கைகளை எனக்கும் தெரியும். ஆனால் முதலில் எக்ஸ்ரே. மூங்கில் பத்தையை இறுக்கிக் கட்டி, உள்ளே வீங்கி, ரத்த ஓட்டம் நின்று, விரல்கள் மடங்கிய நிலையிலேயே இறுகிப்போன கைகள் உண்டு. கட்டுப் போட்ட பிறகு விரல் நீலமானாலோ, மரத்தாலோ, நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, அந்த மணியிலேயே கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

சின்ன அடியையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், உனக்கு வரக்கூடியது அதுதான். முழங்கால் திருகிக்கொள்ளும். உள்ளே ஜவ்வு கிழியும். வீக்கம் வடிந்ததும் மறுபடி ஏறுவாய். அப்படிக் கிழிந்தவர்களில் பாதிப்பேருக்குப் பத்து இருபது வருஷத்தில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது. நாற்பது வயதில் அறுபது வயதுக்காரர் மூட்டோடு என்னிடம் வருகிறவரைக் கேட்டால், "சின்ன வயசுல ஒரு தடவ விழுந்தேன்க்கா, அப்பவே சரியாப் போச்சு" என்பார். சரியாகப் போகவில்லை, வலி நின்றது. தொடைத் தசையை ஆறு ஏழு மாதம் விடாமல் பலப்படுத்தியிருந்தால் மூட்டு வேறு மாதிரி இருந்திருக்கும்.

காகித விஷயமும் பார். குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அனுமதியில்லாமல் வண்டி ஏற்றினால் வழக்கு வரும். உன் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்துப் பார்: பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் ஓட்டினால் பணம் கிடையாது என்று அச்சடித்திருக்கும். வண்டிச் சொந்தக்காரனுக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் பார். பதினாறு வயதுச் சித்தப்பா மகன் கேட்டான் என்று சாவியைக் கொடுக்காதே. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பதினெட்டு ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டாலே வண்டிச் சொந்தக்காரனுக்கு மூன்று வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம்.

அண்ணனுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது, படித்துக் காட்டு. உன் பைக்கைப் பார்த்துப் பயப்படுகிற மனுஷன், தோட்டத்து டிராக்டரில் மட்கார்டு மேலே பேரப்பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு உழுகிறார். ரோட்டை விட்டு இறங்கி ஓடும் வண்டிகளில் நம் பக்கத்தில் அதிகம் ஓடுவது டிராக்டர்தான். பின்சக்கரம் சேற்றில் சிக்கி நிற்கும்போது ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் சக்கரம் சுற்றாது, முன்பக்கம் எழும்பி வண்டி ஓட்டுகிறவர் மேலேயே மல்லாக்கக் கவிழும். குதிக்க நேரம் இருக்காது. சுவீடன் 1959லேயே புது டிராக்டரில் பாதுகாப்பு இரும்புச் சட்டகம் இல்லாமல் விற்கக்கூடாது என்று விதி போட்டுச் சாவைக் குறைத்தது. அண்ணன் ஒரு இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் போடட்டும். பேரப்பிள்ளையை இறக்கிவிடட்டும்.

உனக்கு என் நிபந்தனைகள் இவைதான். முகம் மூடிய ஹெல்மெட், கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், நெஞ்சுக்கும் முதுகுக்கும் கவசம், கையுறை. இவையெல்லாம் சேராதவரைக்கும் தேரி கிடையாது. தனியாகப் போகாதே. முதலில் நடந்து பார்க்காத மேட்டின் உச்சியைத் தாண்டாதே. காற்றடி மாதத்தில் ஒவ்வொரு தடவையும் புதுத் தேரி என்றே நினைத்துக்கொள். உச்சி வெயிலில் ஓட்டாதே. விழுந்தால் அன்றைக்கு அத்தோடு போதும், வீட்டுக்கு வா. ஒழுங்காகக் கற்க ஆசையென்றால் சந்தோஷே கோலார் பக்கத்தில் பயிற்சிக் களம் தொடங்கியிருக்கிறார். பணம் கொஞ்சம் குறைந்தால் அத்தை தருகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேரிக்குப் போகாமல் இங்கே வா. ஆய்க்குடிக்குக் கூட்டிப்போகிறேன். உன்னைப் பயமுறுத்தக் கூப்பிடவில்லை. அங்கே உன் வயதுப் பையன்கள் இருப்பார்கள். நீ வந்த வண்டி என்ன, எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். உட்கார்ந்து பேசு. அவர்கள் நாள் காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, குளித்துக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீயே கேட்டுத் தெரிந்துகொள். அதற்குப் பிறகு வண்டியை என்ன செய்வது என்பதை நீ முடிவு செய், நானும் அண்ணனும் தலையிட மாட்டோம்.

வண்டியை விற்கச் சொல்லவில்லை என்று அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். திட்டு எனக்கு விழட்டும். நீ பூட்ஸ் வாங்கின பில்லை மட்டும் அவருக்கு அனுப்பிவை.

அன்புடன்,
அத்தை